அறுபத்து நான்கில் முப்பத்திரண்டு

"அம்மா, உன் மெஷினுக்கு எதுவரைக்கும் எண்ணத் தெரியும்?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்ட வாரம் அது. படிக்கட்டு, சட்டைப் பொத்தான், அப்பாவின் தும்மல் என்று வீட்டில் எதையும் அவள் எண்ணாமல் விடவில்லை. அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டே, "எவ்வளவு வச்சாலும் எண்ணும்" என்றாள்.

"நூறுக்கு மேலயுமா?"

"ஆயிரத்துக்கு மேலயும்."

"அப்ப அதுக்கு முடிவே கிடையாதா?"

"கிடையாது. ஆடாம உட்காரு, வகிடு கோணுது."

பெருமையில் சொன்ன பதில். பெருமையில் சொல்கிற பதில்கள் பெரும்பாலும் பாதிதான் உண்மையாக இருக்கும். மறுபாதி அம்மாவைத் தேடி வர மூன்று ஆண்டுகள் ஆயின.

அவள் வேலை பார்த்தது ஆற்றங்கரையை ஒட்டிய வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில். மேல் அணையில் இவ்வளவு தண்ணீர் திறந்தால் கீழே எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு வந்து சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற இடம். கணக்கைப் போடுவது சர்வர். சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள். அதனால் அலுவலகம் முழுவதற்கும் அவள் சர்வர் அக்கா. பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு, "எந்த ஓட்டல்ல?" என்று விசாரித்ததுண்டு. "பெரிய ஓட்டல்தான். ஒரே ஒரு சரக்கு, தண்ணி" என்று இவளும் சொல்லிவைத்தாள்.

சர்வர் இருந்தது மாடிப்படிக்கு அடியில் தடுத்துக் கட்டிய சின்ன அறையில். ஆள் நின்றால் தோள் இரண்டு பக்கமும் இடிக்கும். குளிர்சாதனம் எப்போதும் ஓடும். அதனால் வெயில் காலத்திலும் அவள் கையில் ஒரு கம்பளிச் சட்டை இருக்கும். மெஷினை இடுப்பு உயர இரும்பு மேடையில் ஏற்றி வைத்திருந்தார்கள். வெள்ளத்தைக் கணிக்கிற மெஷின் வெள்ளத்தில் முழுகினால் ஊரே சிரிக்கும் என்று தலைமைப் பொறியாளர் அம்மாள் போட்ட உத்தரவு.

அந்த அறைக்குள் அடிக்கடி வந்து போகிற இன்னொருவர் நில அளவையாளர். ஆறடி உயரம், வளையாத முதுகு. உயரம் அளக்கப் பயன்படும் நீண்ட மட்டக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடந்தால் இரண்டு கோல்கள் நடப்பது போலிருக்கும். அதனால் அவர் மட்டக்கோல் அண்ணன். நகரத்தின் தாழ்வான பகுதியில் முந்நூற்றுச் சொச்சம் தெருக்களையும் சந்துகளையும் ஒவ்வொன்றாக நடந்து, எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று விரற்கடை கணக்கில் அளந்து எடுத்தவர் அவர். இரண்டு வருட வேலை. வெயிலில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்று அவரே சிரித்துக்கொள்வார்.

ஆனால் அந்த வரைபடம் ஒருநாளும் முழுசாக ஓடியதில்லை. ஊரை ஐந்தடி ஐந்தடிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் தண்ணீர் என்ன செய்கிறது என்பதை ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொண்டால்தான் கணக்கு நடக்கும். அதற்கு நாற்பத்தாறு ஜிபி மெமரி வேண்டும். சர்வரில் இருந்தது முப்பத்திரண்டு. ஆகவே வரைபடத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு துண்டாக ஓட்டிப் பிறகு ஒட்டினார்கள். வெட்டிய இடத்தில் தண்ணீர், சுவரில் முட்டியது போல நின்றுவிடும். அந்த வெட்டு விழுந்தது சரியாகப் பள்ளத்தெருவின் மேல்.

எனவே பள்ளத்தெருவைப் பற்றி மட்டும் மெஷின் சொல்வதை நம்ப முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு பெருமழைக்கும் அந்தப் பகுதி முழுவதையும் கிளப்பிப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். நான்கு முறை போனார்கள். நான்கு முறையும் தண்ணீர் வரவில்லை. ஐந்தாம் முறை ஒருவரும் கிளம்பவில்லை. அன்றைக்கு இடுப்பளவு வந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது கடவுள் கிருபை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அவரையே நம்பிக்கொண்டு நாம் சும்மா இருக்க முடியாது.

இந்த வருடம் முப்பத்திரண்டு ஜிபிக்குப் புதிய மெமரி அட்டைகள் வாங்க அனுமதி கிடைத்தது. பழையதும் புதியதும் சேர்த்தால் அறுபத்து நான்கு. அவள் மெஷினின் கையேட்டை இரண்டு முறை படித்தாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரை தாங்கும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அப்புறம் என்ன கவலை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தலைமைப் பொறியாளர் அம்மாள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. முழு வரைபடம் ஓடினால், வரும் மழைக்காலத்தில் தெருவாரியாக எச்சரிக்கை கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போடுவார். ஓடாவிட்டால் பழையபடி வெட்டு ஒட்டுத்தான். அன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும். மட்டக்கோல் அண்ணனுக்கோ திங்கட்கிழமை முதல் மேல் அணைக்கு மாற்றல். இரண்டு வருடம் நடந்து எடுத்த வரைபடத்தை முழு உருவில் பார்க்க அவருக்கு இருந்தது அந்த ஒரு நாள்.

அவள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாள். மெஷினைத் திறந்து, கைகளை இரும்பு மேடையில் ஒருமுறை தொட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நொடி வேண்டிக்கொண்டாள். எந்த வேலைக்கும் முன்னால் அவள் அப்படித்தான். அட்டைகளைப் பொருத்தி முடித்தபோது மட்டக்கோல் அண்ணன் இரண்டு காகிதக் கோப்பையில் டீயோடு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டார்.

விசிறிகள் ஊளையிட்டு அடங்கின. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடி நின்றன.

"அறுபத்து நாலு. எண்ணிடுச்சு பாருங்கண்ணே."

"என்னம்மா, பிறந்த பிள்ளையோட எடையைச் சொல்ற மாதிரி சொல்றே."

"இருக்காதா பின்னே. எத்தனை நாளா எழுதிக் கேட்டு வாங்கினது."

கணக்கை ஓட்டினாள். முதல் சில நிமிடங்கள் சீறிக்கொண்டு போயிற்று. பிறகு எண்கள் தயங்கின. சேமிப்பு வட்டின் சின்னப் பச்சை விளக்கு படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. மெமரி போதாதபோது மெஷின் வட்டில் எழுதி எழுதி எடுத்துப் படிக்கும். அப்படிப் படித்தால் ஆறு மணி நேரத்தில் வரப்போகிற வெள்ளத்தைக் கணக்கிட நான்கு நாள் ஆகும்.

அவள் சர்வரின் விவரப் பக்கத்தைத் திறந்தாள். இரண்டே எண்கள். பொருத்தியிருப்பது அறுபத்து நான்கு. பயன்படுத்தக்கூடியது முப்பத்திரண்டு.

"ஏதாவது அட்டை சரியா உட்காரல போல" என்றாள்.

மெஷினை நிறுத்தி, புதிய அட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்தினாள். எழுந்ததும் அதே அறுபத்து நான்கு. உள்ளே போனதும் அதே முப்பத்திரண்டு. பழையதையும் புதியதையும் இடம் மாற்றினாள். அப்போதும் அதுவே. ஒவ்வொரு முறை எழுப்பவும் பத்து நிமிடம் ஆயிற்று. மணி ஒன்பதே முக்கால். டீ ஆறி ஆடை கட்டியது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கோளாறு இவ்வளவு சுத்தமான கணக்கில் வராது. ஓர் அட்டை கெட்டால் நான்கு குறையும், இரண்டு கெட்டால் எட்டு குறையும். எந்த அட்டையை எங்கே மாற்றினாலும் சரிபாதியில் வந்து நிற்கிறதென்றால், யாரோ வேண்டுமென்றே அங்கே கோடு கிழித்திருக்கிறார்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்தவர்களின் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. அதே சிஸ்டத்தை அவர்கள் மூன்று வகையாக விற்றிருந்தார்கள். முதல் வகை: அதிகபட்சம் முப்பத்திரண்டு ஜிபி. அடுத்த வகைக்கு அதைப்போல அறுபது மடங்குக்கு மேல். மெஷினுக்கு எண்ணத் தெரியும்தான். ஆனால் மெஷினை ஆள்கிற சிஸ்டம், தனக்கு அனுமதித்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறது. மீதி அட்டைகள் உள்ளே, மின்சாரம் குடித்துக்கொண்டு, வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும். மெஷினின் கையேட்டை இரண்டு முறை படித்தவள், சிஸ்டத்தின் அட்டவணையை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. 'கிடையாது' என்று மகளிடம் சொன்னது நினைவுக்கு வந்து காதுமடல் சூடாயிற்று.

அதைவிட மோசமான இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தச் சிஸ்டத்தை ஏற்றியவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. எந்த வகை என்று திரை கேட்டது. மூன்று வரிகள். முதல் வரியில் அதுவாகவே குறி நின்றது. அவள் படிக்காமல் அழுத்திவிட்டாள். அன்று அவள் செய்த தவறு அது ஒன்று மட்டும் இல்லை. பழைய வட்டைத் துடைத்துத் தயார் செய்தபோது, அதில் மட்டக்கோல் அண்ணனின் நாற்பது சந்துகளின் அளவுகள் இருந்ததைக் கவனிக்கவில்லை. அவரிடம் நகல் இருக்கும் என்று நினைத்தாள். இருக்கவில்லை. கணினியில் ஏற்றிய கையோடு அவர் துண்டுக் காகிதங்களைக் கிழித்துப்போட்டிருந்தார்.

அவள் வெளிறிப்போய் நிற்க, அவர் நேராகப் போய்த் தலைமைப் பொறியாளர் அம்மாளிடம், "நோட்டு மழையில நனைஞ்சு போச்சு மேடம், நாற்பது சந்தை மறுபடி அளக்கணும்" என்று சொல்லி, நிற்கவைத்து வாங்கிய திட்டையும் வாங்கிக்கொண்டு, மறுநாளே கோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அந்த மாதம் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. மழையளவைத் தினமும் எழுதி வைக்கிற அலுவலகத்தில், அதை யாரும் சொல்லிக் காட்டவும் இல்லை. அவளும் அவரும் அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னம்மா ஆச்சு? மூஞ்சியே மாறிப்போச்சு" என்றார் மட்டக்கோல் அண்ணன்.

அவள் சொன்னாள். அட்டவணையையும், முதல் வரியையும், தான் அழுத்தியதையும். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி விடு. வரைபடம்தான் அளவுக்கு மீறிப் பெரிசாப் போச்சுன்னு சொல்லிடலாம். ஐந்தடிக் கட்டத்தைப் பத்தடி ஆக்கிட்டா முப்பத்திரண்டுக்குள்ள அடங்கிடும்ல?"

"அடங்கும். ஆனா சந்தெல்லாம் காணாமப் போயிடும். நீங்க நடந்ததுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்."

"போனாப் போகுது. நான் திங்கக்கிழமை போகப்போறவன். எனக்கு ஒரு திட்டு கூட விழுந்தா என்ன, குறைஞ்சா என்ன. நீ இங்கயே இருக்கப்போறவ."

அவள் அவருடைய நீட்டிய காலைப் பார்த்தாள்.

"வேண்டாம்ணே. ஒரு தடவை நோட்டு நனைஞ்சது போதும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருடத்தில் அந்தப் பேச்சு முதல்முறையாக வந்தது. இருவரும் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தலைமைப் பொறியாளர் அம்மாள் பதினோரு மணி என்றால் பதினோரு மணிக்கு வருகிறவர். குட்டையான உருவம், கையில் எப்போதும் ஒரு கோப்பு. அறைக்குள் இடம் போதாமல் வாசலில் நின்றே, "என்ன சர்வரு, ஓடுதா?" என்றார்.

"ஓடல மேடம். தப்பு என்னோடது."

எதையும் மறைக்காமல் சொன்னாள். மெஷின் தாங்கும் அளவு வேறு, சிஸ்டம் தாங்கும் அளவு வேறு என்பதை; தான் முதலாவதை மட்டும் பார்த்ததை; மூன்று வருடத்துக்கு முன் எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாள் என்பதை. எந்த வாக்கியத்தையும் விழுங்கவில்லை.

அம்மாள் கோப்பால் விசிறிக்கொண்டார். "அதாவது எட்டு பேருக்குச் சமைச்சு வச்சுட்டு, நாலு பேருக்கு மட்டும் இலை போட்டிருக்கே."

"ஆமா மேடம்."

"பெரிய வகையை இப்ப ஏத்தணும்னா எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திரும்பவா?"

"வேண்டாம் மேடம். பெரிய வகைக்கான லைசென்ஸ் எண் இருந்தா, இருக்கிறது மேலயே மாத்திடலாம். ஒண்ணும் அழியாது. ரெண்டு தடவை நிறுத்தி எழுப்பணும், அவ்வளவுதான். அன்னைக்கு நாம என்ன வகைக்கு லைசென்ஸ் வாங்கினோம்னு மட்டும் தெரியணும்."

"அதை வாங்கினது எனக்கு முன்னால இருந்தவர். பெட்டியைக் கண்டுபிடி. மூணு மணிக்குத் திரும்ப வரேன்."

போகிற போக்கில் நின்று, "ஒண்ணு சொல்றேன்" என்றார். "நோட்டு நனைஞ்சதாச் சொன்ன மாசம் மழையளவு பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவ நான்தான். யாராவது வந்து நிஜத்தைச் சொல்ற அன்னைக்குக் கேட்டுக்கலாம்னு விட்டுவச்சேன். மூணு மணி." செருப்புச் சத்தம் மாடி ஏறியது.

மட்டக்கோல் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தம்மா வயித்துக்குள்ள எத்தனை ஜிபியோ" என்று முணுமுணுத்தார்.

பெட்டி இருந்தால் ஸ்டோரில்தான் இருக்க வேண்டும். ஸ்டோர்காரர் எதையும் தூக்கிப்போடாதவர். உடைந்த நாற்காலிக் கால்களைக்கூட உயரவாரியாக அடுக்கி வைத்திருப்பார். அவரிடம் ஒரு துண்டுக் கயிறு வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று.

"மூணு வருஷத்துக்கு முந்தின பெட்டியா? நேத்து வாங்கின பேனாவைக் கேட்டாலே கொடுக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது."

"நீங்க தூக்கிப்போட்டிருக்க மாட்டீங்கன்னு ஒரு தைரியத்துலதான் சார் வந்தேன்."

"அப்படிச் சொல்லு. இத்தனை வருஷத்துல இதை ஒரு குறையா சொல்லாம, தைரியம்னு சொன்னவ நீ ஒருத்திதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று அலமாரிகளைத் திறந்தார். கடைசியில் ஏணி மேல் ஏறி, நீல நிறப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்து இறக்கினார். அதற்குள் ஃபியூஸ் கம்பிகளைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தார். "நல்ல கெட்டியான பெட்டி, மனசு வரல" என்றார். கம்பிகளைத் தன் வேட்டி மடியில் கொட்டிக்கொண்டு, மூடியின் உட்புறத்தைத் துடைத்துக் காட்டினார். ஒட்டிய அட்டை அப்படியே இருந்தது. இருபத்தைந்து எழுத்துகளும் எண்களும். மேலே, வகையின் பெயர். இரண்டாவது வகை.

பெரியதைத்தான் வாங்கியிருந்தார்கள். முன்னால் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் பின்னால் வருகிறவர்களுக்காக யோசித்து வாங்கியதை, அவள் சின்னதாக்கி மூன்று வருடம் ஓட்டியிருக்கிறாள்.

கீழே வந்து, மட்டக்கோல் அண்ணன் பெட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்துகளை வாசித்தார். அளவெடுக்கும்போது வாசிக்கும் அதே முறையில்: அவர் ஒன்றைச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தது. அப்படி ஐந்தைந்தாக, அவர் சொல்ல அவள் திருப்பிச் சொல்லித் தட்டினாள். ஸ்டோர்காரரும் போகாமல் வாசலில் நின்றார். பெட்டி திரும்ப வேண்டுமாம்.

முதல் முறை நின்று எழுந்தது. இரண்டாம் முறை நின்றது. கறுப்புத் திரை சற்று அதிக நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு வழக்கமான திரை வந்தது. அவள் விவரப் பக்கத்தைத் திறந்தாள்.

பொருத்தியிருப்பது அறுபத்து நான்கு. அதற்குப் பக்கத்தில் 'பயன்படுத்தக்கூடியது' என்ற குறிப்பே இப்போது இல்லை.

"எண்ணுதா?" என்றார் ஸ்டோர்காரர்.

"எல்லாத்தையும் எண்ணுது சார்."

"அப்ப பெட்டியைக் கொடு."

மூன்று மணிக்கு அம்மாள் வந்தபோது முழு வரைபடமும் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு அமைதியாக இருந்தது. நாற்பத்தாறு ஜிபியையும் எடுத்துக்கொண்டு, இன்னும் பதினெட்டைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, சர்வர் வேலை செய்தது. சோதனைக்காக அவர்கள் கொடுத்தது அந்த ஐந்தாம் முறை வந்த வெள்ளத்தின் கணக்கு.

திரையில் ஊர் வெள்ளைக் கோடுகளாக விரிந்தது. மேலிருந்து நீலம் இறங்கி வந்தது. இத்தனை நாளும் முட்டி நின்ற இடத்தைத் தாண்டி, வழி கேட்டு வருகிற ஆள் போலத் தயங்கித் தயங்கி, பள்ளத்தெருவுக்குள் நுழைந்தது. தெருவின் மேற்குப் பக்கத்துச் சந்துகளில் ஏறவே இல்லை. கிழக்கே பதினொரு சந்துகளை நிரப்பியது. அதாவது, கிளம்ப வேண்டியவர்கள் பதினொரு சந்துக்காரர்கள் மட்டும். மற்றவர்கள் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம்.

"மாவு மில் சுவர்ல வெள்ளம் விட்டுப்போன கறை எவ்வளவு?" என்றார் அம்மாள்.

"தொண்ணூத்தஞ்சு சென்டிமீட்டர் மேடம்" என்றார் மட்டக்கோல் அண்ணன், நோட்டைப் பார்க்காமலே.

அவள் மில் இருந்த சதுரத்தைத் தொட்டாள். தொண்ணூற்றிரண்டு என்றது மெஷின்.

இரண்டு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை. அம்மாள் கையிலிருந்த கோப்பைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு மட்டக்கோல் அண்ணனைப் பார்த்து, "ரெண்டு வருஷம் தெருத் தெருவாச் சுத்தறீங்களேன்னு பேசியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அவர் வளையாத முதுகோடு நின்று, "நடந்தது எல்லாம் தெரியுது மேடம். ஒவ்வொரு சந்தும் தெரியுது" என்றார். அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. தன் மெஷினைப் பற்றி ஆயிரம் முறை பெருமைப்பட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் அந்தப் பெருமையில் பொய் கலக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் படத்தை மெல்லப் பெரிதாக்கி, தெருத் தெருவாகப் பார்த்தாள். பார்த்துத் தீரவில்லை. கிழக்கே ஒரு சந்தில் கை நின்றது. மற்ற இடங்களில் நீலத்தின் ஓரம் நெளிந்து நெளிந்து போயிற்று. அந்தச் சந்தில் மட்டும் அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேராக இருந்தது. தரை அவ்வளவு நேராக எங்கும் இருக்காது.

அளவுப் பட்டியலைத் திறந்தாள். அந்தச் சந்துக்கு நாற்பத்தொரு அளவுகள். ஒவ்வொன்றின் எதிரிலும் குறிப்புப் பத்தியில் 'தோராயம், மறுபடி அளக்க வேண்டும்' என்று மட்டக்கோல் அண்ணன் நேர்மையாக எழுதி வைத்திருந்தார். தேதியைப் பார்த்தாள். நாற்பது சந்துகளில் அதுதான் நாற்பதாவது. அதற்கு அடுத்த நாள்தான் முழங்கால் சிகிச்சைக்காக அவர் மருத்துவமனையில் சேர்ந்தார். அதன்பின் புதிய தெருக்கள், புதிய வேலைகள். இந்த ஒரு சந்து தங்கிவிட்டது. இன்று போனது கையெழுத்து மட்டும்; அடுத்த வாரம் வரைபடமும் அவர் பெயரோடு மேலே போகப்போகிறது. அதில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஓட்டையும் போகப்போகிறது. முதல் தடவை அவர் அதைச் சரியாக அளந்துதான் வைத்திருந்தார்.

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடுமுறை. காலை ஏழு மணிக்கு அலுவலகக் காவலாளியிடம் கையெழுத்துப் போட்டு, லேசர் மட்டக் கருவியையும் கோலையும் எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனாள். லேசர் என்பதால் ஒருவரே அளக்கலாம். மூன்று கால் தாங்கியில் கருவியைச் சுழலவிட்டு, கோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக நிற்க வேண்டும். கோலில் உள்ள சின்னக் கருவி கீச்சென்று கத்தும்போது எண்ணைக் குறிக்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் வாளியைத் தானாகவே நகர்த்தி வழிவிட்டாள்.

"என்ன அளக்கிறீங்க? வரி ஏதும் போடப்போறாங்களா?"

"இல்லம்மா. விட்டுப்போன ஒரு வேலை."

"வெயில் ஏறுது. தண்ணி குடிச்சுட்டு அளங்க" என்று அந்தப் பெண் செம்பை நீட்டினாள்.

நாற்பத்தோராவது இடம், சந்து சுவரில் முட்டி முடிகிற மூலை. அங்கே தரை, தோராயமாக எழுதி வைத்ததைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. ஒரு சாண் என்றால், தண்ணீர் அந்தக் கடைசி ஐந்து வீடுகளுக்கு அரைமணி நேரம் முன்னதாகவே வந்து சேரும். அவள் அந்த எண்ணை இரண்டு முறை அளந்து எழுதிக்கொண்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பி, கோலின் அடியிலும் தாங்கியின் கால்களிலும் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக் கருவியை அதன் பெட்டியில் வைத்தாள். மாடிப்படிக்கு அடியிலிருந்த அறையில், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்பத்தொரு அளவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். 'தோராயம்' என்ற சொல்லை நாற்பத்தொரு முறை அழித்தாள்.

அளந்தவர் என்ற பத்தியில் அவர் பெயர் இருந்தது. அதன் மேல் குறி வந்து ஒரு கணம் நின்றது. அந்தச் சந்தை அவர் ஒருமுறை முழுவதும் அளந்தவர்தான், அழித்தது அவள். பெயரை அப்படியே விட்டுவிட்டுச் சேமித்தாள்.

திங்கட்கிழமை காலை அவர் புறப்படுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை வரைபடத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவள் கணக்கை மறுபடி ஓட்டிவிட்டு, விளக்கை அணைத்து, வீட்டுக்குப் போனாள்.